தானாக வந்த நானூற்றுப் பன்னிரண்டு சான்றுகள்

சான்றிதழ் கேட்டு ஜனங்கள் அலையக் கூடாது என்று திருவண்ணாமலையில் ஒரு தனி அலுவலகம் திறந்தார்கள். 'சிறப்பு வட்டாட்சியர், சான்றுகள்' என்று பலகை மாட்டினார்கள். அதுவரை ஒரு இடத்துக்கு அலைந்துகொண்டிருந்த ஜனங்கள் அதன் பிறகு இரண்டு இடத்துக்கு அலைந்தார்கள். ஆறு வருடம் கழித்து, இந்த அலுவலகத்தையும் சீர்திருத்தினால் என்ன என்று சென்னையில் யாருக்கோ தோன்றியது. ஏழு நாள் திட்டம் வந்தது அப்படித்தான்.

திட்டம் எளிமையானது. ஒரு வாரத்தில் இணையத்தில் வந்து சேரும் விண்ணப்பங்களுக்கு அடுத்த திங்கட்கிழமை இரவு பன்னிரண்டு மணிக்குள் ஒரு முடிவு சொல்ல வேண்டும். சான்று கொடுக்கலாம், இல்லை காரணம் காட்டித் திருப்பலாம். இரண்டும் செய்யாமல் உட்கார்ந்திருந்தால், பன்னிரண்டு மணிக்குக் கணினியே வட்டாட்சியரின் கையெழுத்தைப் போட்டுச் சான்றை அனுப்பிவிடும். இரண்டும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதில் இருபது, இருபத்தைந்து வருட அனுபவம் உள்ளவர்களை இது எப்படிப் பாதிக்கும் என்று சென்னையில் யாரும் யோசிக்கவில்லை.

பயிற்சி வகுப்பில் வடையும் தேநீரும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய வட்டாட்சியர் இராமலிங்கத்துக்கு முகம் வெளுத்திருந்தது. சுற்றறிக்கையைத் தலைமை உதவியாளர் அருணாதேவியிடம் நீட்டினார். அந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார். நாலு முதலமைச்சர்களின் சீர்திருத்தங்களைத் தாண்டி வந்தவர். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"திருப்பக் கூடாதுன்னு இதுல எங்கயும் போடலியே சார்."

"ஆமா, போடல."

"திருப்பினா மறுபடியும் மொதல்லேர்ந்துதானே கணக்கு?"

இராமலிங்கத்தின் முகத்துக்கு ரத்தம் திரும்பி வந்தது.

இப்படியாக, திங்கட்கிழமைதோறும் மாலை நாலு மணிக்கு அந்த வாரத்து விண்ணப்பங்கள் அனைத்தையும் ஒட்டுமொத்தமாகத் திருப்பி அனுப்பும் வழக்கம் உண்டானது. அந்த வேலை இளஞ்செழியனிடம் வந்தது. முப்பத்தெட்டு வயது, பதினோரு வருட சர்வீஸ், உதவியாளர். கணினியில் இரண்டு கையாலும் தட்டத் தெரிந்தவன் அங்கே அவன் ஒருவன்தான். ஜூலையில் வரப்போகும் துணை வட்டாட்சியர் பதவி உயர்வுப் பட்டியலில் அவன் பெயர் மூன்றாவதாக இருந்தது. அது அவனுக்கும் தெரியும், அவன் மனைவிக்கும் தெரியும், மாமனார் வீட்டுத் தெருவுக்கும் தெரியும். எனவே சொன்ன வேலையைச் செய்தான்.

திருப்புவதற்கு ஒரு காரணம் காட்ட வேண்டும். கணினியில் பதினான்கு காரணங்கள் வரிசையாக இருந்தன. கீழே இருப்பதைத் தேர்ந்தெடுக்க இரண்டு தட்டு அதிகம். நானூறு விண்ணப்பத்துக்கு எண்ணூறு தட்டு. அவனும் மனிதன்தானே. எல்லாவற்றுக்கும் முதல் காரணத்தையே போட்டான். 'கணவர் அல்லது தந்தையின் வருமான ஆதாரம் இணைக்கப்படவில்லை' என்பது முதல் காரணம்.

அதை வாங்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தவர்களில் ஒருத்தி தனம். அடி அண்ணாமலைக்காரி. செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் அறை பெருக்குகிறாள். சீசன் முடிந்தால் அவளுக்கும் வேலை முடிந்துவிடும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் உதவியாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. ஆதரவற்ற விதவைச் சான்று இருந்தால் முன்னுரிமை. அந்தச் சான்றுக்குத்தான் அவள் விண்ணப்பித்திருந்தாள். ஐந்து முறை.

"சார், புருஷன் வருமான ஆதாரம் வேணும்னு வந்துக்குது."

"ஆமாம்மா. இணைச்சி அனுப்பு."

"அவரு செத்துட்டாருன்னுதானே சார் இந்த சர்டிபிகேட்டே கேக்கறேன்."

இளஞ்செழியன் திரையைப் பார்த்தான். கணவர் பெயர் காசி. டிராக்டர் கவிழ்ந்து இறந்து இரண்டு வருடம். இறப்புச் சான்று இருந்தது. வருமான ஆதாரம் கேட்ட இடத்தில், போன முறை அதே இறப்புச் சான்றை மறுபடியும் ஏற்றியிருந்தாள். அதற்கு முந்தைய முறை காசியின் படத்தையே ஏற்றியிருந்தாள். சட்டம் போட்டு, மாலை போட்டு, நெற்றியில் பொட்டு வைத்த படம்.

"இது இன்னாத்துக்கு?"

"ஆதாரம் கேட்டீங்களே சார். இதுக்கு மேல இன்னா ஆதாரம் குடுக்கறது?"

"நான் கேக்கலம்மா. மெஷின் கேக்குது."

"சரி சார். செத்தவருக்கு எவ்ளோ வருமானம் இருந்தா ஒத்துக்கும்னு கேட்டுச் சொல்லுங்க. எழுதி வாங்கியாறேன்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. வேலைக்கு விண்ணப்பிக்க மே மாதம் பதினாறாம் தேதி, வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று சொன்னாள். "நாளைக்கு வா" என்றான் அவன். அது அவன் வாயிலிருந்து மூச்சு மாதிரி வரும், அவனுக்கே கேட்காது. அவள் ஆறாவது முறையாக விண்ணப்பித்துவிட்டுப் போனாள்.

அந்த வருடம் சித்ரா பௌர்ணமி திங்கட்கிழமையில் வந்தது.

பௌர்ணமி வந்தால் இந்த ஊரில் அரசாங்கம் என்பது மலையைச் சுற்றி நிற்கும். சித்ரா பௌர்ணமி என்றால் கேட்கவே வேண்டாம். எந்தத் துறை, எந்த மேசை என்றெல்லாம் பார்க்கமாட்டார்கள். ஞாயிறு மதியமே ஒட்டுமொத்த அலுவலகத்தையும் பூட்டிவிட்டு எல்லோரையும் கிரிவலப் பாதையில் நிறுத்திவிட்டார்கள். இளஞ்செழியனுக்கு அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அவன்தான் பொறுப்பு அலுவலர். கழுத்தில் அட்டை, கையில் விசில். தொட்டியில் குழாய் இல்லை. அதை எழுத்துமூலம் தெரிவித்துவிட்டு, குழாய் இல்லாத தொட்டிக்குப் பொறுப்பாக நின்றான். பணியில் இருப்பவர்கள் செருப்புப் போடக் கூடாது என்று இராமலிங்கம் பக்தியோடு ஒரு உத்தரவு போட்டிருந்தார். அவர் ஜீப்பில் உட்கார்ந்து போட்ட உத்தரவு.

திங்கட்கிழமை மதியம் மூன்றரை மணி. எதிரே ஜனம் ஆறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் இளஞ்செழியனுக்கு நினைவு வந்தது. பதினான்கு முறை முயன்ற பிறகு அருணாதேவியின் கைபேசி கிடைத்தது. அவருக்குச் செங்கம் ரோட்டில், காணாமல் போனவர்களைச் சேர்த்து வைக்கும் பந்தலில் பணி.

"மேடம், இன்னைக்கு திங்கக்கிழமை."

"ஆமா, பௌர்ணமி. அதுக்கென்ன?"

"திங்கக்கிழமை மேடம்."

செய்யாற்றிலிருந்து வந்த ஒரு மாமியார் மருமகளைத் தேடுவதாக ஒலிபெருக்கி சொன்னது கைபேசி வழியே கேட்டது.

"எத்தினி நிக்குது செழியன்?"

"நானூத்திப் பன்னெண்டு."

"டோக்கன் பீரோவுல இருக்குது. சாவி என் ஹேண்ட்பேக்ல. வந்து வாங்கினு ஆபீசுக்குப் போ. நான் இங்கேர்ந்து நகர முடியாது. ஏற்கெனவே பதினெட்டு பேரு காணாமப் போயிட்டாங்க, நானும் போனா நல்லா இருக்காது."

டோக்கன் என்பது வட்டாட்சியரின் கையெழுத்து அடங்கிய சின்னக் குச்சி. அதைக் கணினியில் செருகாமல் ஒன்றையும் திருப்ப முடியாது. கணினி தானாகக் கொடுப்பதற்கு அந்தக் குச்சி தேவையில்லை. கையெழுத்தை அது முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தது. ஜனங்களுக்கு இல்லை என்று சொல்லத்தான் சாவி, பீரோ, குச்சி எல்லாம்.

அருணாதேவியின் பந்தல் அவன் நின்ற இடத்துக்குப் பின்னால் இருந்தது. திரும்பி நடந்தால் ஐந்து கிலோமீட்டர். தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் கையை நீட்டி மறித்தார்.

"எதுத்தாப்புல போகக் கூடாது சார்."

"நான் ரெவின்யூ. அவசர வேலை."

"நீங்க கலெக்டரே ஆனாலும் மலை உங்களுக்கு சோத்துக்கை பக்கம் இருக்கணும். அவ்ளோதான் ரூலு."

"அப்ப செங்கம் ரோட்டுக்கு எப்படிப் போறது?"

"நேரா போங்க. ஊருக்குள்ள போயி, கோயிலைத் தாண்டி, திரும்ப செங்கம் ரோடு வந்துடும். போற வழியில புண்ணியமும் கிடைக்கும்."

இளஞ்செழியன் மனக்கணக்குப் போட்டான். சாவி வாங்க ஒன்பது கிலோமீட்டர். வாங்கிய பிறகு அலுவலகம் ஊருக்குள், அதாவது மறுபடியும் பின்பக்கம். அதற்கு இன்னொரு பதினொன்று. மொத்தம் இருபது கிலோமீட்டர், வெறுங்காலில், சித்திரை வெயில் குடித்த தார் ரோட்டில். இருநூறு மீட்டர் நடந்தான். பாதம் கொப்பளித்தது. ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மனசாட்சி விழித்துக்கொண்டது, தனத்தின் முகம் கண்முன் வந்தது என்றெல்லாம் பின்னாளில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ரோடு சுட்டது. அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை அலுவலகம் இழவு வீடு மாதிரி இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குச் சான்று போய்விட்டது.

"என் கையெழுத்து, நான் போடாமலே போட்டுக்குது" என்றார் இராமலிங்கம். போட வேண்டிய காலத்தில் அவர் போட்டதில்லை என்பதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

அத்தனையையும் சரிபார்த்து, தகுதியில்லாதவர்களைக் கண்டுபிடிக்கச் சொன்னார். இளஞ்செழியனும் இன்னும் இரண்டு பேரும் மதியம் வரை உட்கார்ந்து பார்த்தார்கள். நாலு மாதமாக யாரும் திறந்தே பார்க்காமல் திருப்பித் திருப்பி அனுப்பிய விண்ணப்பங்கள். ஒவ்வொன்றையும் பார்க்க ஒன்றரை நிமிடம் கூட ஆகவில்லை.

"எத்தினி தப்பு?"

"ஒண்ணும் இல்ல சார். எல்லாருக்கும் தகுதி இருக்குது."

இராமலிங்கம் நாற்காலியில் சாய்ந்தார். "ஒண்ணு கூடவா இல்ல?"

"இல்ல சார்."

"இது வெளிய தெரிஞ்சா, அப்ப நீங்கள்லாம் எதுக்குய்யான்னு கேப்பானே."

அருணாதேவிதான் வழி சொன்னார். தகுதி இருப்பது வேறு, முறைப்படி வழங்கப்படுவது வேறு. முறை தவறியதால் எல்லாவற்றையும் ரத்து செய்துவிடலாம். அதற்குத் தவறு எங்கே நடந்தது என்று ஒருவர் எழுதித் தர வேண்டும். அவரும் வட்டாட்சியரும் இளஞ்செழியனைப் பார்த்தார்கள்.

"என் கவனக்குறைவால்னு ரெண்டு வரி எழுதிக் குடு போதும்" என்றார் இராமலிங்கம். "பெரிசா ஒண்ணும் வராது. நான் பாத்துக்கறேன்."

"பட்டியல்ல என் பேரு இருக்குது சார்."

"அதான் சொல்றேன், நான் பாத்துக்கறேன். எழுதலன்னா பதினேழு பி குடுக்கறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல."

பதினேழு பி என்பது குற்றச்சாட்டுக் குறிப்பாணை. அது நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வை மறந்துவிட வேண்டியதுதான். இளஞ்செழியன் வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்கு வந்தான். 'என் கவனக்குறைவால்' என்று எழுதினான். நிமிர்ந்தால் ஜன்னலில் தனம்.

"வந்துடுச்சி சார்." கையில் அச்செடுத்த சான்று. அதை ஈரம் பட்டுவிடாதபடி பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தாள். "செவ்வாக்கெழமை காலையில போனுக்கு வந்துது. நிஜந்தானே?"

அவன் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இன்னைக்கே போயி வேலைக்கு எழுதிப் போட்டுடு. இதை ரத்து பண்ணப் போறாங்க."

அவள் முகம் கல்லானது. "எப்ப?"

"உத்தரவு போடணும். போட்டப்பறம் உனக்கு நோட்டீஸ் வரணும். நீ பதில் சொல்ல பதினஞ்சு நாளு. அப்பறம் விசாரணை."

"எல்லாம் ஆவறதுக்கு எத்தினி நாளு புடிக்கும்?"

"எங்க ஆபீசுலயா?" என்று யோசித்தான். "ரெண்டு வருஷம்."

அந்த அலுவலகம் ஒரு குடிமகளுக்குக் கொடுத்த முதல் நல்ல செய்தி அதுதான். அவள் நன்றி கூடச் சொல்லாமல் பேருந்து நிலையத்தை நோக்கி ஓடினாள்.

நாலு மணிக்குச் சென்னையிலிருந்து தொலைபேசி வந்தது. இராமலிங்கம் எழுந்து நின்றபடி பேசினார். பேசப்பேச அவர் உடம்பு நிமிர்ந்துகொண்டே போனது. ஒரே நாளில் நானூற்றுப் பன்னிரண்டு சான்று, நிலுவை பூஜ்யம். மாநிலத்திலேயே முதலிடம். திருவிழாப் பணிக்கு நடுவிலும் இதைச் சாதித்த குழுவைப் பார்க்க மேலிடத்திலிருந்து வருகிறார்களாம்.

வெளியே வந்தவர் இளஞ்செழியன் மேசையில் இருந்த தாளை எடுத்து நாலாகக் கிழித்தார். "எவன்யா கவனக்குறைவுன்னு எழுதறது? சாதனைக் குறிப்பு ஒண்ணு எழுது. ரெண்டு பக்கம். என் தலைமையிலன்னு ஆரம்பி."

வந்தார்கள். சால்வை போட்டார்கள். படம் எடுத்தார்கள். இந்த வெற்றியை மற்ற ஊர்களுக்குக் கொண்டுபோக என்ன யோசனை என்று கேட்டார்கள். திட்டம் பிரமாதம், ஆனால் கணினி தவறு செய்துவிடக் கூடாது, அதனால் கணினி தானாகக் கொடுப்பதை ஒரு அலுவலர் சரிபார்த்து அனுமதித்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார் இராமலிங்கம். வந்தவர்கள் குறித்துக்கொண்டார்கள். இரண்டே வாரத்தில் திருத்தம் வந்துவிட்டது: ஏழு நாள் முடிந்தால் சான்று தானாக வழங்கப்படும், அலுவலரின் ஒப்புதலுக்கு உட்பட்டு. அந்த அலுவலகத்தில் அவ்வளவு வேகமாக நடந்த காரியம் வேறு இல்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. தனத்துக்கு வேலை கிடைத்தது. கிடைத்த கையோடு அவள் சான்றைக் கல்வித்துறையினர் இந்த அலுவலகத்துக்கே அனுப்பினார்கள். இது உண்மையானதுதானா என்று எழுதிக் கேட்பது நடைமுறை. முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டால் நியமனம் ரத்து. கடிதம் காகிதத்தில் வந்தது. காகிதத்துக்கு ஏழு நாள் திட்டம் கிடையாது.

இளஞ்செழியன் அதை அருணாதேவியிடம் கொண்டுபோனான்.

"உண்மைன்னு எழுதலாமா மேடம்?"

"எப்படி எழுதறது? நம்ம யாரும் பாக்காம போனது. நாளைக்கு ஆடிட்ல கேட்டா?"

"அப்ப உண்மை இல்லன்னு எழுதறதா?"

"பைத்தியமா உனக்கு? சால்வை போட்டதே அந்த நானூத்திப் பன்னெண்டுக்குத்தான். ஒண்ணு பொய்னா மீதியை என்னான்னு சொல்றது?"

"அப்ப இன்னா பண்றது?"

"ஒண்ணும் பண்ணாத. வெச்சிடு. யாரும் யாரையும் எதுவும் கேக்க முடியாது."

கோப்பு வட்டாட்சியர் மேசைக்குப் போய், 'பேசவும்' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. பேசப் போனால் அவர் கூட்டத்தில் இருந்தார். தனம் பள்ளிக்கூட வேலை முடிந்ததும் இரண்டு பேருந்து மாறி ஜன்னலுக்கு வருவாள். இருபதாம் நாள் வந்தாள், இருபத்தைந்தாம் நாள் வந்தாள். இருபத்தொன்பதாம் நாள் வந்தபோது மாலை மூன்றரை மணி. மின்சாரம் இல்லை. மின்விசிறி நின்று போய், இளஞ்செழியன் அரசிதழ் ஒன்றை மடித்து விசிறிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு வாம்மா" என்றான்.

"நாளைக்கு வந்தா வேலை இருக்காது சார். நாளையோட முடிஞ்சிடுது."

"நான் இன்னா பண்றது? மேல இருந்து வரணும்."

தனம் சண்டை போடவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த மெஷின் எவ்ளவோ தேவல சார். அதுக்கு எழுதப் படிக்கத் தெரிஞ்சிருக்குது."

சொல்லிவிட்டு, எதிர்ச்சுவர் ஓரம் போய் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் நின்ற ஆள் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். இளஞ்செழியன் எம்.ஏ. படித்தவன். அஞ்சல் வழியில்தான், என்றாலும் எம்.ஏ. காது சூடேறியது. பெரிய நியாயம் எதுவும் இல்லை; ரோஷம். தாளை எடுத்தான். 'மேற்படி சான்று இவ்வலுவலகத்தால் வழங்கப்பட்ட உண்மையான சான்று எனத் தெரிவிக்கப்படுகிறது' என்று எழுதினான். 'வட்டாட்சியருக்காக' என்று போட்டுத் தன் பெயரைக் கையெழுத்திட்டான். முத்திரை குத்தினான். தபாலில் போட்டால் பத்து நாள் ஆகும் என்று தெரிந்தவன் என்பதால், பைக்கை எடுத்துக்கொண்டு போய்க் கல்வி அலுவலகத்தில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கினான். மொத்தம் ஐம்பது நிமிடம் ஆனது. திரும்பி வந்து சுவரோரம் இருந்தவளிடம், "முடிஞ்சிடுச்சி, போ" என்றான். அவள் நம்பவில்லை. ரசீதைக் காட்டிய பிறகுதான் எழுந்தாள்.

தனத்தின் வேலை நிலைத்துவிட்டது. அந்தக் கடிதத்தைப் பொய் என்று சொன்னால் சால்வையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் யாரும் அதைத் தொடவில்லை.

இளஞ்செழியனுக்குப் பதினேழு பி வந்தது. குற்றச்சாட்டு ஒன்று: வட்டாட்சியரின் ஒப்புதல் பெறாமல் கோப்பை முடித்தது. இரண்டு: தபால் பிரிவைத் தாண்டிக் கடிதத்தை நேரில் கொடுத்தது. மூன்று: ஒரு மாத காலமாக உயர் அலுவலர்களின் பரிசீலனையில் இருந்த விஷயத்தை ஒரே மணி நேரத்தில் முடித்து, அலுவலக நடைமுறைக்குக் குந்தகம் விளைவித்தது. பதில் தர பதினைந்து நாள் அவகாசம். ஜூலைப் பட்டியல் அவன் பெயர் இல்லாமல் வந்தது. மாமனார் வீட்டுத் தெருவுக்கு அன்று மாலையே தெரிந்துவிட்டது.

"மறுத்து எழுது" என்றார் அருணாதேவி. "மறுத்தா விசாரணை வரும், விசாரணை அலுவலர் போடணும், அவர் மாறிப் போயிடுவாரு, நாலு வருஷத்துல தானா கரைஞ்சிடும். எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

இளஞ்செழியன் குறிப்பாணையை மறுபடியும் படித்தான். மூன்றும் உண்மையாக இருந்தன. கீழே ஒரே வார்த்தை எழுதினான்: ஒப்புக்கொள்கிறேன்.

அந்த அலுவலகத்துக்கு இதுவரை அப்படி ஒரு பதில் வந்ததில்லை. மறுப்புக்குக் கோப்பு இருக்கிறது, அவகாசம் கேட்பதற்குக் கோப்பு இருக்கிறது, மருத்துவ விடுப்புக்கு இரண்டு கோப்பு இருக்கிறது. இதை எதில் வைப்பது என்று தெளிவுரை கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.